சேமிப்புப் பயறு வண்டுகளில் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு

சேமிப்புப் பயறு வண்டுகளில் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு என்பது, முன்பு இவ்வண்டுகளைக் கொன்ற அதே அளவு மருந்து அவற்றின் வழித்தோன்றல்களைக் கொல்லாமற் போகும் நிலையாகும். இது மரபுவழி வரும் பண்பு. தனியொரு வண்டு மருந்துக்குப் பழகிப்போவது அன்று. மருந்தடித்தபின் எஞ்சிய சில வண்டுகளின் சந்ததியே களஞ்சியத்தை நிரப்புகிறது.

பயறு வண்டு

தமிழகத்தில் கல்லசோப்ருக்கஸ் மாக்குலேட்டஸ், கல்லசோப்ருக்கஸ் சைனென்சிஸ் ஆகிய இனங்கள் முதன்மையானவை. தாய் வண்டு பயற்றின் தோல்மீது முட்டையை ஒட்டும். புழு உள்ளே துளைத்து, பருப்பைத் தின்று, அங்கேயே கூட்டுப்புழுவாகும். வட்டத் துளையிட்டு வண்டு வெளிவரும்போதுதான் சேதம் கண்ணுக்குத் தெரியும். வெப்பமான காலத்தில் இச்சுழற்சி ஏறத்தாழ ஒரு மாதத்தில் முடிவதால் எதிர்ப்புப் பண்பு விரைவில் பெருக இடமுண்டு. தாக்குதல் வயலிலேயே தொடங்கிவிடுவதும் உண்டு.

எதிர்ப்பு தோன்றும் விதம்

மாலத்தியானைச் சில பூச்சிகள் எஸ்டரேஸ் நொதிகளால் சிதைத்துவிடுகின்றன. பாஸ்பீன் வளிமத்தின் கதை வேறு. அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையிலிருந்து வெளிப்படும் இவ்வளிமம் கொல்வதற்கு, செறிவைப் போலவே காலமும் தேவை. தார்ப்பாயில் கசிவிருந்தாலோ மூட்டத்தை முன்னதாகவே பிரித்தாலோ, முட்டைகளும் கூட்டுப்புழுக்களும் தப்பிவிடும். எதிர்ப்புக்கு மருந்தைவிட இந்த அரைகுறை மூட்டமே பெரிய காரணம் எனலாம்.

1972-73 இல் உணவு வேளாண்மை அமைப்பு நடத்திய உலகளாவிய ஆய்வில், சேமிப்புத் தானியப் பூச்சிகளில் மாலத்தியான் எதிர்ப்பு பரவலாகவும், பாஸ்பீன் எதிர்ப்பு ஆங்காங்கும் காணப்பட்டது. வலுவான பாஸ்பீன் எதிர்ப்புக்குக் காரணமான மரபணு, தானியத் துளைப்பான், செம்மாவு வண்டு ஆகியவற்றில் 2012 இல் இனங்காணப்பட்டது. மாற்றாக இருந்த மெத்தில் புரோமைடு, ஓசோன் படலத்தைக் காக்கும் மொண்ட்ரியால் உடன்படிக்கையின்படி, சில விலக்குகள் தவிர, வளரும் நாடுகளில் 2015 இல் கைவிடப்பட்டது. ஆகவே பாஸ்பீனும் பயனற்றுப் போனால் கையிலிருப்பவை குறைவே.

ஜவ்வாது மலையில்

சாமையுடன் கொள்ளு, மொச்சை போன்றவற்றையும் பயிரிடும் ஜவ்வாது மலைவாழ் உழவருக்கு, வீட்டிலுள்ள பயறு உணவு மட்டுமன்று, அடுத்த விதைப்புக்கான வித்துமாகும். முளை தின்னப்பட்ட விதை முளைக்காது. மாத்திரை மூட்டம் இங்கு தீர்வாகாது: பாஸ்பீன் மனிதருக்கும் கொடிய நஞ்சு; பயிற்சி பெற்றோர் மேற்பார்வையிலன்றி அதைக் கையாளக் கூடாது. ஆட்கள் உறங்கும் வீட்டுக்குள் அதற்கு இடமேயில்லை.

நன்கு வெயிலில் உலர்த்துதல், செம்மண் கட்டுதல், சாம்பல் கலத்தல், விதைக்கு வேப்பெண்ணெய் தடவுதல் ஆகியன தமிழகத்தில் பழைய வழக்கங்கள். மண்ணும் சாம்பலும் வண்டின் மேற்பூச்சு மெழுகைச் சிதைத்து அதை உலரச் செய்கின்றன. எண்ணெய் முட்டையின் மூச்சை அடைக்கிறது. நொதியால் சிதைக்கத்தக்க நஞ்சு இவற்றில் முதன்மையாக இல்லாமையால், மருந்தை எதிர்த்துநிற்கும் வண்டுகளுக்கும் இவை பயன்படும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வடிவமைத்த பயறு வண்டுப் பொறி, வண்டுகள் பெருகுமுன்னரே அவற்றின் நடமாட்டத்தைக் காட்டிவிடும். அப்போதே பயற்றை மீண்டும் வெயிலில் காயவைக்கலாம்.