மீன்தீவனத்தில் தாவரப் புரதம்

வளர்ப்பு மீன்களின் தீவனத்தில் மீன்தூளுக்குப் பதிலாகப் புண்ணாக்கு, சோயா, தவிடு முதலியவற்றைச் சேர்க்கும் முறை. சாளை, நெத்திலி போன்ற சிறு கடல்மீன்களை வேகவைத்து, எண்ணெய் பிழிந்து, உலர்த்தி அரைத்தால் மீன்தூள். நல்ல தூளில் 60 முதல் 70 விழுக்காடு புரதம் உண்டு. கடலைப் புண்ணாக்கில் 40 விழுக்காட்டுக்குச் சற்று மேல்.

கெண்டைக் குளங்களைப் பொறுத்தவரை இதைப் புதுமை என்பது பொருந்தாது.   மக்காச்சோளம், பருத்தி, கடலை விளையும் பெரம்பலூர், அரியலூர் வட்டார மானாவாரி மண்ணில் மழைநீர் ஏரிகளிலும் பண்ணைக் குட்டைகளிலும் மீன் வளர்ப்பவருக்குக் கைக்கு எட்டுவது செக்கடிப் புண்ணாக்கும் அரிசி ஆலைத் தவிடும்தான்.

1957-இல் கட்டாக்கில் ஹீராலால் சவுத்ரி, கே. எச். அலிகுன்ஹி ஆகியோர் பிட்யூட்டரிச் சாற்றை ஊசியாகச் செலுத்திக் கெண்டைகளை முட்டையிடச் செய்தனர். ஆற்றில் குஞ்சு அரித்து வந்த காலம் அதோடு மாறத் தொடங்கியது. 1971-இல் தொடங்கிய அகில இந்தியக் கூட்டு மீன்வளர்ப்பு ஆய்வுத் திட்டம் கட்லா, ரோகு, மிர்காலோடு வெள்ளிக் கெண்டை, புல் கெண்டை, சாதாக் கெண்டை ஆகியவற்றையும் ஒரே குளத்தில் வளர்க்கச் சொன்னது. தீவனம், சம எடையில் தவிடும் கடலைப் புண்ணாக்கும்.

புண்ணாக்கை முதல்நாள் இரவே ஊறவைத்து, காலையில் தவிட்டோடு பிசைந்து உருண்டையாக்கித் தட்டில் வைத்து இறக்குவார்கள். துளையிட்ட பையில் நிரப்பி மூங்கில் கழியில் கட்டித் தொங்கவிடுவதும் உண்டு. மீன்கள் பையை முட்டி உறிஞ்சும். மறுநாள் பையில் மிச்சம் இருந்தால் அளவைக் குறைக்க வேண்டும். மிஞ்சிய தீவனம் அழுகினால் நீரில் உயிர்வாயு குன்றி, விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் திறக்கும். சாணம் இட்டுப் பெருக்கிய மிதவை உயிரிகள் புண்ணாக்கின் அமினோ அமிலக் குறையை ஈடுசெய்வதால், இக்குளங்களுக்கு மீன்தூள் தேவையே இல்லை.

தாவரப் புரதத்துக்குக் குறைகளும் உண்டு. சோயாவில் மெத்தியோனின் என்னும் அமினோ அமிலம் குறைவு. வறுக்காத சோயாவிலுள்ள டிரிப்சின் தடுப்பான் செரிமானத்தைக் கெடுக்கும். பருத்திக்கொட்டைப் புண்ணாக்கில் காசிப்பால் என்னும் நச்சு இருக்கிறது. தாவரத்திலுள்ள பாஸ்பரசின் பெரும்பகுதி பைட்டேட்டாக இருப்பதால் மீனுக்குச் செரிக்காமல் கழிவாகிக் குளத்தில் சேரும். எல்லாவற்றிலும் கொடியது ஈரம் பட்ட புண்ணாக்கில் பூக்கும் பூஞ்சணத்தின் அஃபிளாடாக்சின். 1960-இல் அமெரிக்கப் பண்ணைகளில் டிரவுட் மீன்களுக்குக் கல்லீரல் புற்றுநோய் பரவியதற்கு, இந்நச்சு ஏறிய பருத்திக்கொட்டைத் தீவனமே காரணம் எனப் பின்னர் கண்டறியப்பட்டது. பூஞ்சணம் கண்ட மூட்டையை மலிவு என்று வாங்குவது மடமை.

உலக அளவில் மாற்றத்தைத் துரிதப்படுத்தியது விலை. எல் நினோவாலும் மிகுபிடியாலும் பெருவின் நெத்திலி வளம் 1972-73-இல் சரிந்தது. மீன்தூள் விலை எகிறியது. நார்வே சால்மன் தீவனத்தில் 1990-இல் சுமார் 90 விழுக்காடாக இருந்த கடல்சார் மூலப்பொருள், 2013-இல் ஏறத்தாழ 30 விழுக்காடாகக் குறைந்தது.

தற்போது சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் உள்ளிட்டவை மாற்றுப் புரதங்களை ஆராய்கின்றன. கெண்டை, திலாப்பியாக் குருணைத் தீவனங்களில் சோயாப் புண்ணாக்குப் பெருமளவு சேர்கிறது. இறால் தீவனத்தில் மீன்தூள் நீடிக்கிறது.