சாங்கியின் 'செங்கால் பாசிர்' மரம்: ஒரே ஒரு மரம் சாய்ந்தால் என்ன நஷ்டம்?

சிங்கப்பூரில் அழிந்துவிட்டது என்று நினைத்த ஒரு மழைக்காட்டு மரம் 2002இல் சாங்கியில் கண்டுபிடிக்கப்பட்டது. அதே ஆண்டு அது வெட்டப்பட்டது.

அந்த மரத்தைப் பற்றி நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை...

அது என்ன மரம்?

அறிவியல் பெயர் ஹோபியா சங்கால். மலாய்மொழியில் செங்கால் பாசிர். 'பாசிர்' என்றால் மணல். பாசிர் ரிஸ்ஸில் வரும் அதே பாசிர்தான்.

மலேசியா, இந்தோனேசியா, தாய்லந்து போன்ற நாடுகளிலும் இந்த மரம் வளர்கிறது. சிங்கப்பூரில் இது மிக மோசமாக அருகிவிட்ட இனங்களின் பட்டியலில் உள்ளது.

இதன் உறவுக்கார மரங்கள் நமக்குப் புதியவை அல்ல. மேற்குத் தொடர்ச்சி மலையில் கோங்கு என்று அழைக்கப்படும் மரமும் ஒரு ஹோபியாதான். நாம் தூபத்தில் போடும் குங்கிலியம்கூட இந்தக் குடும்பத்து மரங்களின் பிசினே.

சாங்கி என்ற பெயரே இதிலிருந்துதான் வந்ததா?

அப்படியும் ஒரு கருத்து உண்டு. 'செங்கால்' மரத்தின் பெயர் மருவி 'சாங்கி' ஆனது என்கிறார்கள் சிலர். அங்கு வளர்ந்த ஒரு செடியின் பெயர் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

பழைய வரைபடங்களில் குறிக்கப்பட்ட புகழ்பெற்ற 'சாங்கி மரம்' வேறு. ஜப்பானியப் படை குறிபார்க்க அது உதவக்கூடும் என்று 1942 பிப்ரவரியில் பிரிட்டிஷ் ராணுவம் அதைச் சாய்த்தது. அது சிந்தோரா எனும் மற்றொரு வகை மரம் என்று நம்பப்படுகிறது.

2002இல் என்ன நடந்தது?

ஹால்ட்டன் ரோட்டில் நின்ற அந்த மரம் சுமார் 35 மீட்டர் உயரம். கிட்டத்தட்ட 12 மாடி வீவக புளோக் அளவு! வயது 150க்கு மேல் இருக்கும் என்று மதிப்பிடப்பட்டது.

நவம்பர் மாதம் அனுமதி இல்லாமல் அது வெட்டப்பட்டது. அதற்குப் பொறுப்பான சொத்து நிறுவனத்துக்கு விதிக்கப்பட்டவை:

- அபராதம்: 8,000 வெள்ளி
- அரசாங்கத்துக்கு இழப்பீடு: 76,035 வெள்ளி

வெட்டிய மரக்கட்டைகள் பின்னர் சிற்பங்களாகச் செதுக்கப்பட்டன.

அப்போது சட்டம் இல்லையா?

இருந்தது. 1991ஆம் ஆண்டிலிருந்தே சாங்கியின் ஒரு பகுதி மரப் பாதுகாப்பு வட்டாரமாக இருந்து வருகிறது. அங்கே 1 மீட்டருக்கு மேல் சுற்றளவு கொண்ட மரத்தை வெட்டத் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி வேண்டும். மரம் தனியார் நிலத்தில் நின்றாலும் இதே விதிதான். இப்போதைய சட்டப்படி அபராதம் 50,000 வெள்ளி வரை போகலாம்.

ஆனால் சட்டம் அளப்பது மரத்தின் சுற்றளவை. அது எவ்வளவு அரிய மரம் என்பது நாடாவில் தெரியாது. நிலத்தைப் பராமரிப்பவருக்கு அது இன்னொரு பெரிய மரம், அவ்வளவுதான்.

"ஒரு மரம்தானே, வேற நட்டுக்கலாமே?"

இங்கேதான் சிக்கல். மாமரம்போல ஆண்டுதோறும் காய்க்கும் மரம் இல்லை இது. இந்தக் குடும்பத்து மரங்கள் பல, சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் ஒட்டுமொத்தமாகப் பூக்கும்.

விதையைச் சேமிக்கவும் முடியாது. நெல், மிளகாய் விதைபோல உலர்த்தி வைத்தால் செத்துவிடும். விழுந்த சில நாள்களில், அதிகம் போனால் சில வாரங்களில் முளைக்க வேண்டும்.

காய்க்கு இரண்டு நீண்ட சிறகுகள் உண்டு. காற்றில் சுழன்றபடி இறங்கும். இருந்தாலும் பெரும்பாலும் தாய்மரத்தின் பக்கத்திலேயே விழும். காட்டில் அது ஈர மண். நகரத்திலோ தார்ச்சாலை அல்லது வாராவாரம் வெட்டப்படும் புல்தரை.

அதனால் காய்க்கும் அளவுக்கு வளர்ந்த ஒரு தாய்மரத்தை இழந்தால், அது தந்திருக்கக்கூடிய எல்லா விதைகளையும் சேர்த்தே இழக்கிறோம். இழப்பீட்டுத் தொகையைக் கொண்டு அவற்றை வாங்க முடியாது.

இப்போது நிலைமை என்ன?

நல்ல செய்தியும் இருக்கிறது. சாங்கி மரத்தின் விதைகளிலிருந்து கன்றுகள் வளர்க்கப்பட்டு நடப்பட்டன. தாய் போனாலும் பிள்ளைகள் இருக்கின்றன.

ஆனால் ஒரே தாயின் பிள்ளைகள் என்பதால் அவற்றின் மரபணு வேறுபாடு குறைவு. ஒரு நோய் வந்தால் எல்லாவற்றையும் ஒன்றாகத் தாக்கலாம். வெவ்வேறு தாய்மரங்களின் விதைகளும் சேர்ந்தால்தான் அந்த இனம் உறுதியாக நிலைக்கும்.

நாம் என்ன செய்யலாம்?

- வீட்டு வளாகத்தில் பெரிய மரம் இருந்தால், வெட்டுவதற்குமுன் அனுமதி தேவையா என்று தேசியப் பூங்காக் கழகத்திடம் கேளுங்கள்.
- அது என்ன மரம் என்றும் விசாரியுங்கள்.
- தனிச்சிறப்புள்ள மரத்தைப் பார்த்தால், 2001இல் தொடங்கிய மரபுடைமை மரங்கள் திட்டத்துக்கு அதை முன்மொழியலாம்.

நடப்பட்ட கன்றுகள் தாய்மரத்தின் உயரத்தை எட்டும்போது நம்மில் யாரும் இருக்க மாட்டோம். அதுவரை அவை நிற்குமா என்பது, இடையில் அவற்றைக் கடந்துபோகும் ஒவ்வொருவருக்கும் அது என்ன மரம் என்று தெரிந்திருப்பதைப் பொறுத்தது.