பாய்தலும் தாவுதலும்: உருபு திருப்பும் பொருள்

தரையை விட்டு உடல் எழும் செயலைச் சுட்டப் பாய், தாவு, குதி, துள்ளு, எகிறு எனத் தமிழில் வினைகள் பல இருப்பினும், ஆகுபொருளில் அவை ஒன்றின் இடத்தில் மற்றொன்று நிற்பதில்லை. ஆங்கிலத்தில் 'ஜம்ப்' என்னும் ஒரே வினை 'இன்' சேர்ந்தால் இடைபுகுதலையும், 'அட்' சேர்ந்தால் வாய்ப்பை உடனே பற்றிக்கொள்வதையும், 'ஆன்' சேர்ந்தால் கடிந்து சாடுவதையும் குறிக்கும். அந்தச் சிறுசொற்களின் வேலையைத் தமிழில் வினைத் தேர்வும், பெயரின் ஈற்றில் நின்று அதன் பொருளை வேறுபடுத்தும் வேற்றுமை உருபும் பகிர்ந்துகொள்கின்றன.

இதற்குப் 'பாய்' என்பதைவிட வளமான சான்று இல்லை. குரங்கணிப் பக்கத்து மலைகளிலிருந்து இறங்கும் கொட்டகுடி ஆறு போடிநாயக்கனூர் வழியே பாய்கிறது. பொட்டிபுரத்துத் தோட்டத்தில் மோட்டாரைப் போட்டுவிட்டு, மண்வெட்டியால் வாய்க்கால் கரையை வெட்டி அடுத்த பாத்திக்கு மடை திருப்பும் உழவர் தண்ணீர் பாய்ச்சுகிறார். அந்த மோட்டாருக்குக் கம்பியில் மின்சாரம் பாய்கிறது. 'கம்பியில்' என 'இல்' உருபேற்ற பெயர் இங்கே விசை செல்லும் வழியாகிறது. அதே வினை, உருபின் வேலையைச் செய்யும் தனிச்சொல்லாகிய 'மேல்' என்னும் சொல்லுருபோடு வரும்போது, அப்பெயர் வழியாக நில்லாமல் இலக்காகிவிடுகிறது: கோபக்காரர் எதிரில் நிற்பவர் மேல் பாய்கிறார், 1982ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுத் தடுப்புக்காவல் சட்டமாகிய குண்டர் சட்டம் ஒருவர் மேல் 'பாய்ந்தது' என்றே செய்தித்தாள்கள் எழுதுகின்றன.

'தாவு' புறப்பட்ட இடம், சேர்ந்த இடம் ஆகிய இரண்டையும் வேண்டி நிற்கும் வினை. 1985இல் அரசியலமைப்பின் 52ஆம் திருத்தம் பத்தாம் அட்டவணையாகச் சேர்த்த விதிகளுக்குக் 'கட்சித் தாவல் தடைச் சட்டம்' என்று வழங்கும் பெயர் மிகப் பொருத்தமானது. அங்கே 'பாய்ச்சல்' என்றால் விட்டு வந்த கட்சி கண்ணுக்குத் தெரியாது. 'குதி' சேரும் களத்தை மட்டுமே கருதுவதால், 2015இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் பெற்ற பொட்டிபுரம் நியூட்ரினோ ஆய்வகத் திட்டத்துக்கு எழுந்தது போன்ற எதிர்ப்புகளில் மக்கள் போராட்டத்தில் 'குதிப்பார்கள்', ஒருபோதும் 'தாவ' மாட்டார்கள். உருபே இல்லாமல் 'ரொம்பத் துள்ளுறான்' என்றால் அது செருக்கு. 'எகிறு' மேல்நோக்கிய திசையொன்றையே அறியும். 2018ஆம் ஆண்டு வெள்ளத்தாலும் அடுத்து வந்த வறட்சியாலும் காய் குறைந்து, 2019இல் ஏலக்காய் கிலோ ரூ.7,000 வரை போனபோது விலை 'எகிறியது' என்பதே இயல்பான சொல்லாயிற்று. பிறமொழியார்க்கான தமிழ்ப் பாடநூல்கள் இவ்வினைகளைத் தனித்தனிச் சொற்களாகக் கொடுப்பதைவிட, அவை ஏற்கும் உருபோடு சேர்த்தே கொடுப்பது நலம்.

இலக்கண நூலாரும் இந்த ஆகுபொருளைக் கையாண்டுள்ளனர். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், நூற்பாக்கள் ஒன்றோடொன்று இயையும் முறைகளில் ஒன்றைத் 'தவளைப் பாய்த்து' என்கிறது. ஒரு நூற்பா தனக்கு அடுத்து நிற்பதைத் தொடாமல், இடைவிட்டு அப்பால் உள்ள நூற்பாவோடு பொருந்துவதே அம்முறை. பாய்தலுக்கு இலக்கு உண்டு என்னும் குறிப்பு இங்கும் இருப்பதால், ஒரு நூற்பா இடையில் உள்ளவற்றைக் கடந்து எதைச் சென்று சேர்கிறது என்று உரையாசிரியர் தேடிக் காட்ட வேண்டியிருக்கிறது.