கிண்ணத்தை மறுத்த அணி

விளையாட்டின் வரலாறு பெரும்பாலும் வென்றோரின் வரலாறாகவே எழுதப்படுகின்றது. எவ்வாண்டில் எவ்வணி எக்கிண்ணத்தைப் பெற்றது என்று பட்டியலிட்டு வைத்தல் எளிது. கண்ணாடிப் பேழையுள் ஒளிரும் வெள்ளிக் கிண்ணங்களே அதற்குச் சான்று பகரும். ஆயின், ஒரு பருவம் முழுவதையும் தோல்வியின்றி ஆடிமுடித்தும் கிண்ணம் எதனையும் பெறாது, அதன் பின்னர் ஆடுகளத்தை விட்டே மறைந்துபோன ஓர் அணியும் உண்டு. அமெரிக்க ஐக்கிய நாட்டின் மேற்குக் கரையிலுள்ள சான்பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்தின் 1951ஆம் ஆண்டு உதைபந்தாட்ட அணியே அது.

அமெரிக்கர் உதைபந்தாட்டம் என வழங்குவது நம் நாட்டுப் பாடசாலைகளில் ஆடப்படும் ஆட்டமன்று. முட்டை வடிவான பந்தைக் கையிலேந்தி ஓடியும் எறிந்தும், பக்கத்துக்குப் பதினொருவராக ஆடும் வன்மையான ஆட்டம் அது. பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டுசென்றால் ஆறு புள்ளிகள் கிடைக்கும். இலையுதிர் காலத்தில் தொடங்கும் இவ்வாட்டப் பருவம் நவம்பர் மாத இறுதியளவில் முடிவுறும். அதன்பின், ஆண்டு முழுவதும் சிறப்பாக ஆடிய அணிகளைத் தேர்ந்தழைத்து, புத்தாண்டை ஒட்டி நடத்தும் சிறப்பாட்டங்கள் உண்டு. இவற்றுக்குப் 'பௌல்' ஆட்டங்கள், அஃதாவது கிண்ண ஆட்டங்கள், என்று பெயர்.

இவற்றுள் மூத்தது கலிபோர்னியா மாநிலத்தின் பசடீனா நகரிலே ரோசாமலர்த் திருவிழாவையொட்டி எழுந்ததாகும். 1902ஆம் ஆண்டு சனவரி முதலாம் நாளன்று அங்கு நடைபெற்ற முதலாட்டத்தில் மிச்சிகன் பல்கலைக்கழகம் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தை 49க்குப் பூச்சியம் என்ற கணக்கில் வென்றது. 1922இல் அந்நகரிற் கட்டப்பெற்ற அரங்கு கிண்ண வடிவாய் அமைந்தமையால், ரோசாக் கிண்ணம் என்ற பெயர் அரங்குக்கும் ஆட்டத்துக்கும் நிலைத்தது. அதன் வருவாயையும் புகழையும் கண்ட தென்பகுதி நகரங்களும், குளிர்காலத்தில் உல்லாசப் பயணிகளை ஈர்க்கக் கருதித் தத்தம் விளைபொருளின் பெயராற் கிண்ணங்களை நிறுவின. மயாமியில் தோடம்பழக் கிண்ணமும் நியூ ஓர்லியன்சிற் சீனிக் கிண்ணமும் 1935இலும், டலஸ் நகரிற் பருத்திக் கிண்ணம் 1937இலும் தோன்றின. 1946இல் ஜக்சன்வில் நகரம் தன் ஆறுகளில் வாழும் முதலையின் பெயராலும் ஒரு கிண்ணத்தை ஏற்படுத்திக்கொண்டது.

இவ்வாட்டங்களுக்கு எவ்வணியை அழைப்பது என்பதைத் தீர்மானித்தோர் அவ்வந்நகரத்து வணிகரும் பிரமுகரும் கூடிய குழுவினர். அழைப்புப் பெற்ற கல்லூரிக்குப் புகழோடு பெரும்பணமும் கிட்டும். தெற்கு மாநிலங்களிலோ அக்காலத்தில் வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஒரே பாடசாலையிற் கற்பதும், ஒரே உணவகத்தில் உண்பதும், ஒரே களத்தில் ஆடுவதும் சட்டத்தாலும் வழக்கத்தாலும் விலக்கப்பட்டிருந்தன. வடக்கிலிருந்து ஓரணி தெற்கே செல்லுமாயின், கறுப்பின வீரரை வீட்டில் விட்டுவிட்டுச் செல்லவேண்டும் என்பது எழுதப்படாத உடன்பாடு.

பல கல்லூரிகள் அதற்கு இணங்கின. பொஸ்ரன் கல்லூரி 1940இற் பருத்திக் கிண்ணத்திலும் 1941இற் சீனிக் கிண்ணத்திலும் ஆடியது. அவ்விரு பெரும் ஆட்டங்களிலும் அதன் கறுப்பின வீரர் லூ மொன்கொமெறிக்கு இடமளிக்கப்படவில்லை. இணங்காதோரும் இருந்தனர். 1946இல் பென்சில்வேனியா அரச கல்லூரி, தன் கறுப்பின வீரர் இருவரை விட்டு வருவதிலும் மயாமி ஆட்டத்தையே கைவிடுதல் நன்றென முடிவுசெய்தது. 1948இல் அவ்விருவரையும் உடன்கொண்டே பருத்திக் கிண்ணத்தில் ஆடியது. 1949ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் எல்பாசோ நகரில் நடைபெறவிருந்த சூரியக் கிண்ண ஆட்டத்துக்கு லபயெற் கல்லூரி அழைக்கப்பட்டபோது, தன் வீரர் ஒருவர் நிறத்தின் காரணமாக ஆடமுடியாது என அறிந்து அவ்வழைப்பை மறுத்தது. இத்தகைய ஒரு காலத்திலேதான் சான்பிரான்சிஸ்கோ அணி எழுச்சியுற்றது.

சான்பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகம் இயேசு சபைக் குருமாரால் 1855இல் நிறுவப்பெற்றது. மட்டக்களப்பிற் கல்விப் பணியாற்றிய அச்சபையினரை நம்மவர் நன்கறிவர். அப்பல்கலைக்கழகம் அளவிற் சிறியது, செல்வத்திலும் பெரிதன்று. 1948இற் பயிற்றுநராகப் பொறுப்பேற்ற ஜோ குஹாரிச் கண்டிப்புக்குப் பேர்போனவர். அவருடைய முதலாண்டில் அணி இரண்டு ஆட்டங்களை வென்று ஏழிலே தோற்றது. அடுத்த ஆண்டில் வென்றவை ஏழு, தோற்றவை மூன்று. 1950இலும் ஏழு வெற்றிகள் கிட்டின.

அவ்வணியிற் கூடியிருந்தோர் பல நிலத்தவர், பல குடியினர். ஜீனோ மார்க்கெற்றி இத்தாலியக் குடியேறிகளின் மகன். இரண்டாம் உலகப் போரிற் படைவீரராக ஐரோப்பாவிலே போரிட்டுத் திரும்பியவர். பொப் செயின்ற் கிளேயர் சான்பிரான்சிஸ்கோ நகரத்தின் மைந்தர். ஆறடி ஒன்பதங்குல உயரமுடையவர். ஒல்லி மற்சன் ரெக்சாஸ் மாநிலத்திலே பிறந்தவர். பேர்ள் டோலர் ரெனசி மாநிலத்தின் மெம்பிஸ் நகரிலே பிறந்தவர். பின்னிருவரும் கறுப்பினத்தவர். அவர்களை ஆடவிடாது தடுத்த அதே தெற்கு மண்ணே அவர்களைப் பெற்றெடுத்த மண்ணுமாகும். அணியின் செய்திகளைப் பத்திரிகைகளுக்கு எழுதி அனுப்பும் பணியிலிருந்த இளைஞர் பீற் ரொசெல் என்பவர்.

1951ஆம் ஆண்டுப் பருவத்தில் இவ்வணி ஒன்பது ஆட்டங்களை ஆடி ஒன்பதையும் வென்றது. நியூயோர்க்கில் போர்டம் பல்கலைக்கழகத்தை எதிர்த்த ஆட்டமே அவற்றுள் கடினமானது. அன்று மற்சன் இரு தடவை, எதிரணி உதைத்தனுப்பிய பந்தை ஏந்தி, ஒவ்வொரு முறையும் தொண்ணூறு யாருக்குக் குறையாது ஓடி எல்லையைக் கடந்தார். ஆட்டம் 32க்கு 26 என முடிந்தது. அப்பருவத்தில் மற்சன் பந்தோடு ஓடிக் கடந்த தூரம் 1,566 யார்; எல்லை கடந்தது 21 தடவை. இவ்விரண்டிலும் நாட்டின் கல்லூரி வீரர் அனைவரிலும் அவரே முதல்வர். எதிரணியினரின் ஓட்டத்தை மறித்து வீழ்த்துவதில் டோலர் இணையற்று விளங்கினார்.

நவம்பர் நடுப்பகுதியிலே ஸ்ரொக்ரன் நகரிற் பசிபிக் கல்லூரியை 47க்கு 14 என வென்றதும், கிண்ண ஆட்டமொன்றுக்கு அழைப்பு வரும் என்ற நம்பிக்கை அணியினரிடையே மேலோங்கியது. நவம்பர் 24ஆந் திகதி லொயோலா பல்கலைக்கழகத்தை 20க்கு 2 என வென்று அவர்கள் தம் பருவத்தை நிறைவு செய்தனர். அவ்வாட்டம் நடைபெற்ற இடம் பசடீனாவின் ரோசாக் கிண்ண அரங்கு.

அந்நாட்களில் நிகழ்ந்ததை வீரர்கள் பின்னாளிற் கூறியுள்ளனர். தெற்கிலே ஒரு கிண்ண ஆட்டத்துக்கு அழைப்புப் பெற வழியுண்டு என்றும், மற்சனையும் டோலரையும் விட்டுச் செல்வதே அதற்கு விலை என்றும் பயிற்றுநர் குஹாரிச் அவர்களிடம் தெரிவித்தார். வாக்கெடுப்பு எதுவும் நடைபெறவில்லை. ஆழ்ந்த விவாதமும் எழவில்லை. அவ்விருவரும் இல்லையாயின் ஒருவரும் செல்வதில்லை என்பதே அனைவரின் மறுமொழியாயிற்று. ஆண்டின் இறுதித் தேசியத் தரவரிசையிற் பதினான்காம் இடத்தைப் பெற்றிருந்தும், கிண்ண ஆட்டம் எதிலும் ஆடாது அவ்வணி வீட்டிலிருந்தது.

வரலாற்றை ஆராய்வோர் இங்கு ஒரு வினாவை எழுப்புதல் நேர்மையாகும். அழைப்புக் கிட்டாமைக்கு வேறு காரணம் இருந்திருக்கலாகாதா? கிண்ணக் குழுவினர் நிறத்தைக் குறித்து எழுத்தில் எதனையும் வைக்கவில்லை. சான்பிரான்சிஸ்கோ எதிர்த்தாடிய அணிகள் வலிமை குன்றியவை என்பதே வெளிப்படையாகக் கூறப்பட்ட காரணம். அதில் ஓரளவு உண்மையும் உண்டு; பெரிய பல்கலைக்கழகங்கள் பல இவர்களுடன் ஆட முன்வரவில்லை. ஆயினும் இரு செய்திகளை மனங்கொள்ளல் வேண்டும். இதே வட்டாரத்தைச் சேர்ந்த, இயேசு சபையினரின் மற்றொரு சிறிய கல்லூரியான சாந்தா கிளாரா, 1950ஆம் ஆண்டுத் தொடக்கத்திலே தோடம்பழக் கிண்ணத்தில் ஆடி, கென்ரக்கிப் பல்கலைக்கழகத்தை 21க்கு 13 என வென்றது. மேலும், 47க்கு 14 எனத் தோற்ற பசிபிக் கல்லூரியே 1952 சனவரி முதலாந் திகதி சூரியக் கிண்ணத்தில் ஆடியது. தோற்றவரை ஒரு கிண்ணம் அழைக்க, வென்றவரை எக்கிண்ணமும் அழையாமைக்குத் திறமைக் குறைவு காரணமாதல் அரிது. வீரர்களின் கூற்று இதனால் வலுப்பெறுகின்றது.

அவர்களுடைய மறுப்புக்கு நேர்ந்த இழப்புச் சிறிதன்று. போருக்குப் பின் சான்பிரான்சிஸ்கோவிலே தொழில்முறை அணியொன்று தோன்றியமையால் கல்லூரி ஆட்டங்களுக்கு வரும் கூட்டம் குறைந்தது, செலவோ ஏறியது. அயலிலிருந்த சென்ற் மேரிஸ் கல்லூரி 1951ஆம் ஆண்டுப் பருவம் தொடங்குமுன்பே உதைபந்தாட்டத்தைக் கைவிட்டிருந்தது. சாந்தா கிளாராவும் 1952இன் பின்னர் கைவிட்டது. கிண்ண ஆட்டமொன்றின் வருவாய் சான்பிரான்சிஸ்கோ அணியைத் தாங்கி நிறுத்தியிருத்தல் கூடும். அவ்வருவாய் இன்றிப் பருவம் முடிந்த சில வாரங்களுள் பல்கலைக்கழகம் அணியைக் கலைத்தது. படிப்பு முடியாதிருந்த செயின்ற் கிளேயர், தொடர்ந்து ஆடுவதற்காக ஒக்லகோமாவிலுள்ள ரல்சா பல்கலைக்கழகத்துக்குச் செல்ல நேர்ந்தது. பிற்காலத்தில் உதைபந்தாட்டம் அங்குச் சிறிய அளவில் மீண்டும் ஆடப்பட்டபோதும் பழைய நிலையை எய்தவில்லை.

அணி கலைந்ததாயினும் அதன் வீரர்கள் மறையவில்லை. மார்க்கெற்றி, மற்சன், செயின்ற் கிளேயர் ஆகிய மூவரும் தொழில்முறை உதைபந்தாட்டத்தின் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றனர். மற்சன் 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக் போட்டியில் 400 மீற்றர் ஓட்டத்தில் வெண்கலப் பதக்கமும், அஞ்சலோட்டத்தில் வெள்ளிப் பதக்கமும் வென்றார். 1959இல் ஒரு தொழில்முறை அணி அவர் ஒருவரைப் பெறுவதற்கு ஒன்பது வீரரை மாற்றாகக் கொடுத்தது. செய்தி எழுதிய இளைஞர் ரொசெல் 1960இல் தொழில்முறை உதைபந்தாட்டச் சங்கத்தின் ஆணையாளரானார்.

பேர்ள் டோலரின் வாழ்வு வேறொரு வழியிற் சென்றது. 1952இல் நடைபெற்ற கல்லூரி நட்சத்திர வீரர் ஆட்டத்தில் முழங்காலில் ஏற்பட்ட காயம் அவருடைய விளையாட்டு வாழ்வை முடித்துவிட்டது. அவர் ஆசிரியரானார். கணிதமும் உடற்பயிற்சியும் கற்பித்து, 1968இற் பெஞ்சமின் பிராங்கிளின் பாடசாலையின் அதிபராக உயர்ந்தார். சான்பிரான்சிஸ்கோ நகரின் இடைநிலைப் பாடசாலைகளிற் கறுப்பினத்தவர் ஒருவர் அதிபரானது அதுவே முதன்முறை. விளையாட்டையும் அவர் துறக்கவில்லை. 1965இல் தொழில்முறை உதைபந்தாட்டத்தின் முதற் கறுப்பின மத்தியஸ்தராக நியமனம் பெற்றார். வார நாட்களில் மாணவருக்கு ஒழுங்கு கற்பித்தவர், ஞாயிற்றுக்கிழமைகளில் நாட்டின் தலைசிறந்த வீரருக்கு விதியை நிலைநாட்டினார். இருபத்தைந்து பருவங்கள் அப்பணி நீடித்தது.

தெற்கின் கிண்ணங்களும் மெல்லவே மனந்திறந்தன. 1956ஆம் ஆண்டுச் சீனிக் கிண்ணத்திலே பிற்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தின் கறுப்பின வீரர் பொபி கிரியர் ஆடவிருந்தபோது, ஜோர்ஜியா மாநில ஆளுநர் அதனைத் தடுக்க முயன்றார். அம்மாநிலத்து மாணவர்களே ஆளுநரை எதிர்த்து ஊர்வலம் சென்றனர், ஆட்டமும் நடந்தேறியது. அதே ஆண்டில் லூயிசியானா மாநிலம், இரு நிறத்தாரும் சேர்ந்தாடுவதை விலக்கிச் சட்டம் இயற்றியது. 1959இல் நீதிமன்றத்தின் தீர்ப்பால் அச்சட்டம் வீழ்ந்தது. இன்று அக்களங்களிற் கறுப்பின வீரர் இல்லாத அணியைக் காண்பது அரிது.

1980ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் தொழில்முறை உதைபந்தாட்டத்தின் இறுதிப் பேராட்டம் பசடீனாவின் ரோசாக் கிண்ண அரங்கிலே நடைபெற்றது. அப்பேராட்டத்திற் கடமையாற்றிய முதற் கறுப்பின மத்தியஸ்தராக அன்று களத்தில் நின்றவர் டோலர். 1951இல் தம் அணியின் கடைசி ஆட்டத்தை அவர் ஆடி முடித்ததும் அதே களத்திலேதான்.

2006இற் பல்கலைக்கழகம் அவ்வணியில் உயிருடனிருந்தோருக்குக் கௌரவப் பட்டம் வழங்கியது. டோலர் கற்பித்த பாடசாலை வளாகத்துக்கு அவர் பெயரே சூட்டப்பெற்றது. அவர் 2009இலும், மற்சன் 2011இலும், செயின்ற் கிளேயர் 2015இலும், மார்க்கெற்றி 2019இலும் மறைந்தனர். 1952 சனவரியிலே தோடம்பழக் கிண்ணத்தை வென்றவர் யாவர், சீனிக் கிண்ணத்தை வென்றவர் யாவர் என வினவின், ஏட்டைப் புரட்டியே விடை கூறல் வேண்டும். அவ்வாண்டு எக்கிண்ணத்தையும் ஆடாத ஓரணியின் பெயரோ, ஏட்டின் துணையின்றியே இன்றும் சொல்லப்படுகின்றது. தோழர் இருவரை விட்டுவிட்டு வெற்றிமேடை ஏற மறுத்த இளைஞர்கள் தம் அணியை இழந்தனர், ஒருவரையொருவர் இழக்கவில்லை.