இருதய நோய்களும் சவப்பரிசோதனையும்

இருதய வியாதிகளைப் பற்றிய ஞானம் நோயாளியின் படுக்கையருகே பிறந்ததைக் காட்டிலும் சவப்பரிசோதனை மேசையின்மீதே பெரிதும் பிறந்தது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ரோமாபுரியில் வாழ்ந்த வைத்தியர் கேலன், மிருகங்களை அறுத்துப் பார்த்து, இருதயத்தின் இரு கீழறைகளுக்கும் இடையிலுள்ள சுவரில் கண்ணுக்குப் புலனாகாத துவாரங்கள் உண்டென்று எழுதிவைக்க, அக்கூற்று ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வேதவாக்காகவே போற்றப்பட்டது. பாதுவா சர்வகலாசாலை ஆசிரியராயிருந்த வெசாலியஸ் 16ஆம் நூற்றாண்டில் அதனை ஐயுற்ற பின்னரே கத்தியின் சாட்சியம் ஏட்டின் சாட்சியத்தை வெல்லத் தொடங்கிற்று. அதற்கு முன்னரே, பிளாரன்ஸ் நகரத்து வைத்தியர் பெனிவியேனி தாம் செய்த சவப்பரிசோதனைகளைக் குறித்து வைத்திருந்தார். அவர் 1502இல் மாண்டபின், 1507இல் அக்குறிப்புகள் நூலாக வெளிவந்தன.

1705, 1706ஆம் ஆண்டுகளில் ரோமாபுரியில் திடீர் மரணங்கள் மிகுந்து ஜனங்கள் கலங்கியபோது, போப்பாண்டவர் பதினொன்றாம் கிளெமெண்ட் தமது வைத்தியரான லான்சீசியிடம் காரணத்தைக் கண்டறியும் பொறுப்பை ஒப்புவித்தார். அவர் பிரேதங்களை அறுத்து, வீங்கிய இருதயங்களையும் பழுதடைந்த வால்வுகளையும் கண்டு, 1707இல் ஒரு நூல் வெளியிட்டார். பீதிக்கு மருந்தாக விஞ்ஞானத்தை நாடிய அரிய ஆட்சியாளருள் ஒருவராக அப்போப்பாண்டவரைக் கொள்ளலாம். 1715இல் மாண்ட்பெலியே நகரத்து வைத்தியர் வியூசன் வால்வுச் சுருக்கத்தை விவரித்தார். எனினும் சவப்பரிசோதனையால் நோயின் மூலத்தை அறியும் துறையின் பிதா எனத் தகுபவர் மோர்கானியே. 1682இல் ஃபோர்லியில் பிறந்து, வால்சால்வாவின் சிஷ்யராய்ப் பயின்று, பாதுவாவில் நெடுங்காலம் ஆசிரியராயிருந்த அவர், எழுபத்தொன்பதாம் வயதில், 1761இல், ஏறக்குறைய 700 சவப்பரிசோதனைகளை 70 கடிதங்களாக அமைத்துப் பிரசுரித்தார். உயிரோடிருந்தபோது நோயாளி பட்ட உபாதையையும், மரித்தபின் உறுப்பில் கண்ட கேட்டையும் அருகருகே வைத்து ஒப்பிட்டதே அவருடைய சிறப்பு.

மார்வலியின் மூலமும் இவ்வழியிலேயே துலங்கிற்று. லண்டனில் வைத்தியர் ஹெபர்டன் 1768இல் அந்நோயின் குறிகளை வர்ணித்தாரேயன்றிக் காரணம் அறியார். இருதயத்துக்கு இரத்தமூட்டும் தமனிகள் கெட்டியாவதே காரணமென்று ஊகித்த வைத்தியர் ஜென்னர், தம் ஆசாரியரான ஜான் ஹண்டருக்கே அந்நோய் இருந்தமையால், அவர் மனம் வருந்துமென்று அதனை வெளியிடாது வைத்திருந்தார். 1793இல் ஹண்டர் திடீரென்று மரிக்க, அவர் சரீரத்தை அறுத்துப் பார்த்ததில் அத்தமனிகள் எலும்புபோல் இறுகியிருக்கக் காணப்பட்டன.

பாரிஸில் வைத்தியர் கார்விசார் இருதய நோய்களைக் குறித்து 1806இல் எழுதிய நூலும், லேனெக் 1816இல் கண்டுபிடித்த ஸ்டெதஸ்கோப்பும் இவ்வறிவை உயிரோடிருப்பவரின் மார்புக்குக் கொண்டுவந்தன. இக்காலத்தில் மின்னிருதயப் பதிவும் எக்ஸ்ரேயும் பிற கருவிகளும் பயன்படுகின்றன.