தும்மிக்கொண்டே கண்டுபிடித்தவர்கள்

ஒரு தும்மல் போட்டால் பக்கத்துல இருக்கற பெரியவங்க "தீர்க்காயுசு"ன்னு வாழ்த்துவாங்க. தொடர்ந்து இருபது போட்டால் அதே பெரியவங்க "போய் ஆவி புடி, போ"ன்னு விரட்டுவாங்க. மூக்கு ஒழுகி, கண் சிவந்து அரிக்கிற இந்த வியாதிக்கு உலகத்துல எங்கேயும் பெரிய மரியாதை கிடைத்ததில்லை. ஆளைக் கொல்லாது, ஆனால் நிம்மதியா வாழவும் விடாது. அதனாலேயோ என்னவோ, இதன் வரலாற்றைப் புரட்டினால் ஒரு வேடிக்கை தெரியும். இதைக் கண்டுபிடித்தவர்களில் பலர் இதே வியாதியோட அவஸ்தைப்பட்டவங்க!

முதலில் ஜான் போஸ்டாக். லண்டன் மருத்துவர். எட்டு வயதிலிருந்து ஒவ்வொரு ஜூன் மாதமும் கண் எரியும், தும்மல் வரும், மூச்சு முட்டும். கோடை போனால் எல்லாம் போயிடும். 1819-ல், தன் 46-வது வயதில், மருத்துவர்கள் சங்கத்துல ஒரு நோயாளியின் கதையைப் படிச்சார். அந்த நோயாளி அவரேதான். ரத்தத்தை வெளியேற்றுவது, அபின், குளிர்ந்த நீர்க் குளியல்னு அந்தக் காலத்து வைத்தியம் அத்தனையும் தன் மேலேயே செய்து பார்த்திருந்தார். ஒன்றும் பலிக்கல.

அதோட விட்டாரா? தன்னைப் போல வேறு யாராவது உண்டான்னு தேட ஆரம்பித்தார். ஒன்பது வருடம் தேடி, 1828-ல் அவர் சொன்ன எண்ணிக்கை வெறும் 28 பேர். இன்னைக்கு ஒரு பஸ்ஸில் ஏறினாலே அத்தனை பேர் தேறுவாங்க :-) அதற்குள் ஜனங்க "காய்ந்த புல்லோட வாசனைதான் காரணம்"னு முடிவு கட்டி, 'ஹே ஃபீவர்'னு பேரும் வைத்துவிட்டார்கள். போஸ்டாக் அதை ஒத்துக்கல. வெயிலின் சூடுதான் காரணம்னார். கடலோர ஊரான ராம்ஸ்கேட்டில் போய் இருந்தப்போ அவருக்குத் தொல்லை குறைஞ்சது. நிலத்திலிருந்து மகரந்தம் வராத கடல் காற்றுதான் அங்கே வேலை செய்திருக்கணும்னு இன்றைக்கு நாம சொல்லலாம். கவனித்தது சரி, காரணம் தப்பு. இந்த வாக்கியத்தை ஞாபகம் வச்சுக்குங்க, இந்தக் கதையில இது திரும்பவும் வரும்.

காரணத்தைப் பிடித்தவர் மான்செஸ்டரில் ஹோமியோபதி வைத்தியம் பார்த்த சார்ல்ஸ் பிளாக்லி. அவருக்கும் இதே தொல்லை. வெயில், புழுதி, வாசனைன்னு சந்தேகப்பட்ட ஒவ்வொன்றையும் தன் மேல சோதித்து, ஒவ்வொன்றாகக் கழித்தார். கடைசியில் மிஞ்சியது புல்லின் மகரந்தம். அதை மூக்கில் இழுத்தார், கண்ணில் வைத்தார், கையில் தோலைக் கீறி அதன் மேல் தடவினார். வீங்கியது. இன்றைக்கு அலர்ஜி டாக்டரிடம் போனால் கையில் வரிசையாகக் குத்திப் பார்க்கிறாங்களே, அந்தச் சோதனைக்கு இதுதான் மூத்த அண்ணன்.

அடுத்த கேள்வி, வயலிலிருந்து தூரத்துல இருக்கறவனுக்கு எப்படி வருது? இதுக்கு அவர் பட்டம் விட்டார்! பசை தடவிய கண்ணாடித் துண்டுகளைப் பட்டத்தில் கட்டி ஆயிரம் அடிக்கு மேல் பறக்க விட்டு, இறக்கி, மைக்ராஸ்கோப்பில் வைத்து எண்ணினார். உயரத்திலும் மகரந்தம் ஏராளமா இருந்தது. 1873-ல் எல்லாத்தையும் புத்தகமாக்கினார். ஆக, 'ஹே ஃபீவர்'ங்கற பெயரில் இரண்டு வார்த்தையும் பொய். காய்ச்சலும் இல்லை, காய்ந்த புல்லும் குற்றவாளி இல்லை. பூத்து நிற்கிற புல்தான்.

பிளாக்லியை உறுத்திய இன்னொரு விஷயம் உண்டு. நாள் முழுக்கப் புல்லுக்குள்ளேயே நிற்கிற விவசாயிக்கு இது அபூர்வம். படித்தவங்களுக்கும் வசதியானவங்களுக்கும்தான் அதிகம். திரும்பத் திரும்ப மகரந்தம் பட்டு உடம்பு பழகிடுதோன்னு யோசித்தார்.

உடம்பைப் பழக்குகிற அந்த வேலையை 1911-ல் லண்டன் செயின்ட் மேரீஸ் ஆஸ்பத்திரியில் லியனார்ட் நூன் செய்து காட்டினார். டிமோதி என்ற புல்லின் மகரந்தச் சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி ஊசியாகப் போட்டார். எவ்வளவு தாங்கும்னு அளக்க, அதே சாற்றைக் கண்ணில் சொட்டு விட்டுப் பார்த்தார். தாங்கும் அளவு கூடியது. ஆனால் அவர் நினைத்தது என்ன? மகரந்தத்தில் விஷம் இருக்கு, தடுப்பூசி மாதிரி எதிர்விஷம் உண்டாக்கறோம்னு. மகரந்தத்தில் விஷமே கிடையாது. மறுபடியும் அதே கதை. நூன் 1913-ல் காசநோயில் இறந்துபோனார். வேலையைத் தொடர்ந்தவர் சகா ஜான் ஃப்ரீமன்.

விஷம் இல்லைன்னா கோளாறு எங்கே? நம்ம ரத்தத்துல. 1921-ல் ஜெர்மனியில் ஹைன்ஸ் கூஸ்ட்னருக்கு மீன் ஒத்துக்காது. அவரோட ரத்த நீரை கார்ல் பிராஸ்னிட்ஸ் தன் தோலில் ஏற்றிக்கொண்டு, மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றைப் போட்டார். மீன் ஒத்துக்கொள்கிற ஆளுக்கு அந்த இடம் மட்டும் தடித்தது. ஆக, அலர்ஜி ரத்தத்தில் இருக்கும் ஏதோ ஒன்று. அந்த 'ஏதோ ஒன்று' பிடிபட மேலும் 45 வருடம். 1966-ல் அமெரிக்காவின் டென்வரில் இஷிசாகா தம்பதி அதைப் பிரித்தெடுத்தாங்க. ஸ்வீடனில் யோஹான்சனும் பென்னிக்கும் தனியாக அதே பொருளை அடைந்தார்கள். 1968-ல் ஐஜிஇ என்று பெயர் வைத்தார்கள். ஒன்றும் செய்யாத மகரந்தத்தை எதிரின்னு தப்பா நினைக்கிற எதிர்ப்பொருள் அது. அது உசுப்பிவிட, மூக்கிலும் கண்ணிலும் இருக்கற செல்கள் ஹிஸ்டமினைக் கொட்டுது. நாம் போடுற செட்ரிசின் அந்த ஹிஸ்டமினைத்தான் தடுக்குது. அந்த மாத்திரைகளின் வம்சத்தை 1937-ல் பாரிஸில் தொடங்கிவைத்த டேனியல் போவேக்கு 1957-ல் நோபல் பரிசு கிடைத்தது.

கடைசியா ஒருத்தர். பில் ஃப்ராங்க்லேண்ட். சின்ன வயசிலேயே ஹே ஃபீவர். இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூரில் ஜப்பானியர்களின் கைதி. பிறகு அதே செயின்ட் மேரீஸில் டாக்டர். 1950-களில் ரத்தம் உறிஞ்சும் தென்னமெரிக்கப் பூச்சி ஒன்றைத் தன் கையில் வாராவாரம் கடிக்க விட்டு, ஒருநாள் சாவின் வாசல் வரை போய், அட்ரினலின் ஊசியால் பிழைத்தார். ஆனால் நான் அவரைக் கொண்டாடுவது அதற்காக இல்லை. மகரந்த ஊசி நிஜமாவே வேலை செய்யுதா, இல்லை மன ஆறுதலான்னு 43 வருடமாகத் தொங்கிய கேள்வியை எடுத்து, 1954-ல் சக ஆய்வாளர் ரோசா ஆகஸ்டினோடு சேர்ந்து, ஊசி மருந்தையும் வெற்று ஊசியையும் ஒப்பிட்டுப் பார்த்தார். வேலை செய்தது. 2020-ல் 108 வயதில் இறந்தார். தும்மினவருக்கு நிஜமாவே தீர்க்காயுசு!

என் உடம்புக்கு ஒத்துக்கலன்னு ஒருத்தர் சொன்னால் நாம சிரிச்சுட்டுப் போயிடறோம். அப்படிச் சொன்னவங்க கவனிச்சதுலதான் இந்த மருத்துவமே பிறந்தது. அதே சமயம் அவங்க சொன்ன காரணம் பாதி நேரம் தப்பு. கவனிக்க நோயாளி வேணும், சரிபார்க்க சோதனை வேணும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் கதை பாதியில் நின்றிருக்கும்.

உங்க மூக்குக்கு ஆகாதது எது? தூசியா, பூவா, பூனையா? பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க. தும்மாமல் :-)