நாகநதியை மீட்ட பெண்கள்

மாமல்லபுரத்துக்குத் தெற்கே வாயலூரில் கடல் சேரும் பாலாறுதான் நம் மாவட்டத்துக்குத் தாய். மணல் அள்ளி அள்ளி ஆறு பள்ளமாச்சு. கடலோரக் கிணறுகளில் உப்பு ஏறுது. குடத்தோடு அலையறது நாமதானே! அதனால இந்த வரலாறு நமக்குத் தெரியணும்.

வேலூர் மாவட்டத்து நாகநதியும் வறண்டு கிடந்த ஆறுதான். 2014-ல் அங்கே 100 நாள் வேலைப் பெண்கள் மீட்பு வேலையில் இறங்கினாங்க. ஆற்றுப்படுகையில் குழி வெட்டி, சிமெண்ட் உறை இறக்கி, நீர் செறிவூட்டும் கிணறுகள் அமைச்சாங்க. மலையோடைகளில் கல் அடுக்கித் தடுப்பு கட்டினாங்க. ஓடி வீணாகும் மழைநீர் உறை வழியே மண்ணுக்குள் இறங்கியது. ஊர்க் கிணறுகளில் தண்ணி ஏறியது. உழைத்தவர்கள் சுமார் 20,000 பெண்கள். 2021 செப்டம்பரில் பிரதமரே வானொலியில் இதைப் பாராட்டினார்.

அந்த நாகநதி, கமண்டல நதியோடு கலந்து, செய்யாற்றில் சேர்ந்து, திருமுக்கூடலில் பாலாற்றுக்கு வருகிறது. அவங்க தேக்கிய ஆறு நம்ம ஆற்றுக்கு உறவு.

ஊரக வேலைத் திட்டத்தில் எதைச் செய்வது என்று கிராம சபையில்தான் முடிவாகுது. அன்னைக்கு நாம குழுவாப் போய் உட்காரணும். நம்ம ஊர் ஓடையும் ஏரி வரத்துக்கால்வாயும் அந்தப் பட்டியலில் முதல்ல வரணும், சகோதரிகளே.